புற்றுநோய் வலியை மருத்துவமனையிலேயே சரியாகக் கவனிக்காமல் விடுவது ஏன்?

புற்றுநோய் வலி என்பது பெரும்பாலும் கட்டி எலும்பையோ நரம்பையோ அழுத்துவதால் வரும், விட்டு விலகாத வலி. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினின் சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரமே தாங்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே அதை நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னது. கங்காக இருக்கும்போதே நெருப்பை அணைப்பது எளிது. கொழுந்துவிட்டால் குடம் குடமாக ஊற்ற வேண்டும். ஆனால் மருத்துவர், செவிலியர் பலருக்குப் படிப்பில் வலியைக் கவனிப்பதற்குக் கிடைக்கும் இடம் குறைவு. நோயாளி கண்ணை மூடிப் படுத்திருந்தால் வலியில்லை என்று குறித்துவிடுகிறார்கள். இது கொடுமை! 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் சொல்வதுதான் அளவு. (மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து வேண்டும்.)

மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்பது தவறு: அதைக் கொடுப்பதா என்று தீர்மானிப்பது வலியின் கடுமை, நோயின் கட்டம் அல்ல.