‘மருமகன்’ என்று எழுதிய ஓலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டை இடித்தபோது, அரங்கு என்னும் உள்ளறையில் கிடந்த மரப்பெட்டியில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்தது. அதில் ஓர் ஓலையில் எங்கள் தாத்தாவின் தாத்தா பெயர் இருக்கிறது. ஆனால் அவரை வேறொருவரின் ‘மருமகன்’ என்றே எழுதியிருக்கிறார்கள். தகப்பனார் பெயர் எங்கும் இல்லை. தொடக்கத்தில் ‘கொல்லம்’ என்றும், அடுத்து ‘சூசயஉ’ என்பது போன்ற எழுத்துகளும், ‘தை’ என்றும் உள்ளன. அவர் கொல்லத்துக்காரரா? கிழக்கேயிருந்து வந்தவர் என்றல்லவா பாட்டி சொல்லுவார்? அவருடைய தந்தையைக் கண்டறிய வழி உண்டா?
– ஒரு வாசகர், தோவாளை வட்டம்

பதில்: கொல்லம் என்பது இங்கே ஊர் அன்று, ஆண்டு. கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டைத்தான் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த நம் பகுதி ஆவணங்கள் பயன்படுத்தின. நீங்கள் ‘சூசயஉ’ என்று படித்தவை எழுத்துகள் அல்ல, ௲௪௰௨ என்னும் தமிழ் எண்கள். ஆயிரம், நான்கு பத்து, இரண்டு, ஆக, 1042. இந்த ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி நடு வரையுள்ள தேதிகளுக்கு 824ஐயும், அதன் பிறகு ஆடி முடியும் வரை 825ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் ஓலை தை மாதத்தது என்பதால் 1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது.

இனி ‘மருமகன்’. இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மகளின் கணவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். நாஞ்சில் நாட்டு வேளாளரில் மருமக்கள்வழியைப் பின்பற்றிய குடும்பங்களிலோ, சொத்து ஒருவருடைய சகோதரியின் மகனான மருமகனுக்கே போய்ச் சேரும் என்பதால், ஆவணத்தில் ஒருவரை அடையாளம் காட்டத் தந்தையின் பெயரை விடத் தாய்மாமனான காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், பெயரே தேவைப்பட்டது. எனவே ஓலையில் தகப்பனார் பெயர் விடுபட்டுப் போகவில்லை; எழுதுவதற்கு அங்கே அவசியம் இருக்கவில்லை. நானும் என் குடும்பத்து ஓலை ஒன்றில் இருந்த ‘மருமகன்’ என்ற சொல்லை மாப்பிள்ளை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத ஒரு மாமனார் வீட்டைத் தேடி இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவழித்தவன்தான்.

ஆகவே முதலில் உங்கள் குடும்பம் மருமக்கள்வழியா, தந்தையின் சொத்து மக்களுக்கே போகும் மக்கள்வழியா என்பதை மூத்த பெண்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நாஞ்சில் நாட்டில் இரண்டும் இருந்தன. மருமக்கள்வழி என்றால், ஓலையில் உள்ள காரணவர் உங்கள் முன்னோருடைய தாயின் சகோதரர் ஆகிறார். அதாவது, தந்தையைத் தேடிப் புறப்பட்ட உங்களுக்குத் தாய்வீட்டில் ஒரு தலைமுறை தேடாமலே கிடைத்துவிட்டது. அந்தக் காரணவரின் நிலம் தோவாளைப் பகுதியிலேயே இருக்குமானால் அவரது தாய்வீடும் பெரும்பாலும் இங்கேதான் இருந்திருக்கும் என்பதால், பாட்டி சொன்ன ‘கிழக்கேயிருந்து வந்தவர்’ உங்கள் முன்னோராக இல்லாமல் அவருடைய தந்தையாக இருக்கவும் இடமுண்டு. பங்குனி உத்திரத்துக்கு உங்கள் வீட்டார் எந்தச் சாஸ்தாவைக் குலதெய்வமாகக் கும்பிடக் கோயிலுக்குப் போகிறார்கள்? அந்தக் கோயில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே இருந்தால், பாட்டியின் பேச்சுக்கு வலுச் சேரும்.

தந்தையின் பெயர் இருக்கக்கூடிய இடம் வேறு. மருமக்கள்வழியில் தகப்பனுடைய சொத்திலிருந்து மக்களுக்குக் கிடைத்த பங்குக்கு உகந்துடைமை என்று பெயர். அதற்காக எழுதப்பட்ட ஆவணத்தில் தந்தையும் மகனும் சேர்ந்தே வருவார்கள். ஆனால் அது உங்கள் ஓலைக்கட்டில் இல்லாமல், தந்தையின் மருமக்கள் வீட்டு ஓலைக்கட்டில் இருக்கவும் கூடும். கொல்லம் 1101இல், அதாவது 1926இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இந்த வாரிசு முறையை மாற்றியது. அதற்குப் பிந்திய பாகப் பத்திரங்கள் பழைய உறவுகளை விரித்துச் சொல்லும் என்பதால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

தேடலை ஓலையிலிருந்து தொடங்காமல், இன்று உங்கள் கையில் இருக்கும் ஆதாரத்திலிருந்து, அதாவது நிலப் பத்திரத்திலிருந்து, பின்னோக்கிப் போவதே நல்லது. ஒவ்வோர் ஆதாரமும் தனக்கு முந்தியதைச் சுட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுக் கொடுத்து அந்த முந்தியதைப் பெறலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணைப் பார்த்துக்கொண்டால், 1883 முதல் 1911 வரை திருவிதாங்கூரில் நடந்த நிலவரித் திட்டத்தின் பதிவேட்டில் அதே வயல் அப்போது யார் பெயரில் இருந்தது என்று தேட முடியும். அதற்கும் முந்தியவை திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் சுருணை எனப்படும் ஓலைக்கட்டுகளாக உள்ளன. அவற்றைப் படிக்க வட்டெழுத்து, கோலெழுத்து என்னும் பழைய எழுத்து முறைகளும் பழைய மலையாளமும் தெரிந்தவரின் துணை வேண்டும்.

ஒரே பெயரைக் கண்டதும் ஒரே ஆள் என்று முடிவு கட்ட வேண்டாம். பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தானே அவன் பெயரன், பேரன்? நாற்பது ஐம்பது ஆண்டு இடைவெளியில் அதே பெயர் மீண்டும் வந்தால், நிலத்தின் நான்கு எல்லைகளையும் காரணவரின் பெயரையும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

ஓலையைத் தண்ணீரால் துடைக்கவே கூடாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். கீறல்கள் தெளிவாகத் தெரியும். புள்ளி இருக்காது; காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஐயமான சொல்லை இரண்டு மூன்று விதமாகப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்சிலைக் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்தால் ஏழு தலைமுறைப் பெயர்களும் தெரிந்துவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பெயர் ஒன்றுகூடத் தெரியாது. உங்களுடன் மரபணுவில் ஒத்துப்போகும் உறவினர் யாரேனும் அதே நிறுவனத்தில் பரிசோதித்திருந்தால் அந்த உறவு தெரியும். அதற்குப் பிறகு பத்திரம்தான் பேச வேண்டும். மைட்டோகாண்ட்ரியா மரபணு மட்டும் தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. மருமக்கள்வழிக் குடும்பம் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் காத்த வழியும் அதுவே என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

கேள்வி: என் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த இடம் ‘செங்கோட்டை, திருவிதாங்கூர்’ என்று இருக்கிறது. நாங்கள் கேரளத்திலிருந்து குடிபெயர்ந்தவர்களா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: இல்லை. உங்கள் தாத்தா இருந்த இடத்திலேயே இருந்தார், எல்லைதான் நகர்ந்தது. செங்கோட்டை வட்டம் 1956 அக்டோபர் இறுதி வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த நவம்பர் 1ஆம் நாள் அதன் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது, மேற்குப் பகுதி கேரளத்தில் தங்கிவிட்டது. 2019 முதல் நீங்கள் தென்காசி மாவட்டத்தார். சான்றிதழில் உள்ளது சரியே, திருத்தம் கேட்டு மனுப் போட்டுவிடாதீர்கள். 1956க்கு முந்திய ஆவணங்களைத் தேடும்போது மட்டும் திருநெல்வேலியோடு நின்றுவிடாமல், புனலூர்ப் பக்கமும் திருவனந்தபுரத்திலும் கேட்டுப் பாருங்கள்.