தினமும் ஒரு புது ஆல்பம் கேட்பது சாத்தியமா? எதைக் கேட்பது என்று எப்படி முடிவு செய்வது?

சாத்தியம்தான். சில வருடங்களாக எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. இடையில் விட்டுப்போன வாரங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியின் முதல் பாதி சுலபம். நாற்பது நிமிடம் ஒதுக்குவது யாருக்கும் முடியாத காரியமில்லை. நடக்கும்போது கேட்கலாம், துணி மடிக்கும்போது கேட்கலாம், பயணத்தில் கேட்கலாம். படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ கேட்பதை மட்டும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்போது பாட்டு ஓடும், நாம் கேட்க மாட்டோம்.

சிக்கல் இரண்டாவது பாதியில்தான். ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேல் பாட்டு இருக்கிறது. எதைப் போடலாம் என்று விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் அந்த நாற்பது நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். அப்புறம் சலித்துப்போய், பல வருடமாகக் கேட்கிற பாட்டையே மறுபடி போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். நான் பார்த்தவரை, ஆர்வமாகத் தொடங்கியவர்கள் கைவிடுவது நேரமில்லாமல் அல்ல, இந்த இடத்தில்தான்.

இதற்குப் பட்டியல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். சாவதற்குள் கேட்டுவிட வேண்டிய 1001 ஆல்பங்கள் என்று ஒரு தடித்த புத்தகம் 2005ல் வந்தது. நாளுக்கு ஒன்று என்றால் முடிக்க ஏறக்குறைய இரண்டே முக்கால் வருடம் ஆகும். நல்ல புத்தகம்தான். ஆனால் பெரும்பகுதி அமெரிக்காவும் பிரிட்டனும். அதைவிடப் பெரிய குறை, நேற்றுக் கேட்டதற்கும் இன்று கேட்பதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரு மாதம் போனால் எது எது என்று மனதில் கலங்கிவிடும். பரீட்சைக்குப் படித்த மாதிரி ஆகிவிடும்.

நான் செய்வது வேறு. நூல் பிடித்துப் போவேன். இன்று கேட்ட ஆல்பத்தில் காதை இழுத்த ஏதோ ஒன்று இருக்கும்: வாசித்த ஆள், ஒரு வாத்தியம், பதிவு செய்த இடம். அதைப் பிடித்துக்கொண்டு நாளைய ஆல்பத்துக்குப் போவது. தேர்வு செய்யும் தலைவலியே இல்லை, ஏனென்றால் கேட்டு முடிக்கும்போதே அடுத்தது முடிவாகியிருக்கும்.

எப்படி என்று காட்ட, ஜாஸ் கேட்காதவர்களுக்கும் பிடிக்கிற ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. ஐந்து உருப்படி, சுமார் 45 நிமிடம். அதில் சாக்ஸபோன் வாசித்த இருவரில் ஒருவர் ஜான் கோல்ட்ரேன். அவரைப் பிடித்துப் போனால் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவானது, நான்கு பகுதிகள், 33 நிமிடம். பிரார்த்தனை என்றே சொல்லலாம். அங்கிருந்து அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனிடம் போனால் 1971ல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. ஆலிஸின் ஹார்ப்புக்குக் கீழே தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும். தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர் யாரென்று பார்த்தால், கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த துறவி. 1969ல் உட்ஸ்டாக் இசை விழாவில் தொடக்க உரை ஆற்றியவரும் அவர்தான். நியூயார்க் ஜாஸில் தொடங்கி மூன்றாவது நாளே இங்கே வந்து நிற்கிறோம். எந்தப் பட்டியலும் இப்படிக் கொண்டுவந்து விடாது.

அதே மைல்ஸிடமிருந்து வேறு நூலும் பிடிக்கலாம். 1969ல் அவருடைய 'இன் எ சைலன்ட் வே'யில் கிதார் வாசித்தவர் ஜான் மெக்லாஃப்லின். சில வருடங்களில் அவரே எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் என்று சேர்த்துக்கொண்டு ஷக்தி குழுவைத் தொடங்கினார். முதல் ஆல்பம் 1976ல் வந்தது. இதில் எனக்கு ஒரு லாபம் உண்டு. மைல்ஸ் குழுவில் அவர் எவ்வளவு அடக்கி வாசித்தார் என்பதைக் கேட்டுவிட்டு ஷக்தியில் அவர் வேகத்தைக் கேட்டால், இரண்டுமே புதிதாகக் கேட்கும்.

இடத்தைப் பிடித்துப் போவது எனக்கு இன்னும் பிடித்த வழி. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவானது நியூயார்க் 30ஆம் தெருவில் கொலம்பியா நிறுவனம் வைத்திருந்த ஸ்டூடியோவில். முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம், கூரை நல்ல உயரம். அதே இடத்தில்தான் 1955ல், 22 வயதில், பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' வாசித்தார். 38 நிமிடப் பதிவு. 1981ல் அதே ஸ்டூடியோவில் அதையே மறுபடி பதிவு செய்தார். இந்தமுறை 51 நிமிடம். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் மெதுவான பகுதி இளைஞரிடம் இரண்டு நிமிடத்தில் முடிகிறது, பெரியவரிடம் மூன்று நிமிடம் ஆகிறது. கூடவே அவர் முனகுவதும் கேட்கும். இரண்டாவது பதிவு வெளிவந்த அடுத்த மாதமே, 1982 அக்டோபரில், 50 வயதில் இறந்துபோனார். எனக்கு மேற்கத்தியச் செவ்வியல் இசையின் இலக்கணம் எதுவும் தெரியாது. ஒரே ஆள், ஒரே இசை, ஒரே அறை, நடுவில் 26 வருடம் என்ற வித்தியாசத்தைக் கேட்க இலக்கணம் தேவைப்படவில்லை. பாக்கைப் பிடித்துக்கொண்டால் அடுத்த நாளுக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தயார். 1986ல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம், வயலின் வி. எஸ். நரசிம்மன். பாக்கை நேராகக் கேட்டுவிட்டு வந்தால், ஏற்கெனவே கேட்டவர்களுக்கும் இதில் புதிதாக நிறைய அகப்படும்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், கதை நன்றாக இருப்பதால். ரை கூடர் என்ற அமெரிக்கக் கிதார் கலைஞரும் மோகன வீணை விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து செய்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' 1993ல் வந்தது. இருவரும் நேரில் சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆவதற்குள் பதிவைத் தொடங்கிவிட்டார்கள். கூடரைப் பிடித்துப் போனால் அடுத்த வருடம் மாலி நாட்டுக் கிதார் கலைஞர் அலி ஃபார்கா தூரேயோடு 'டாக்கிங் டிம்பக்டு'. அதற்கப்புறம் கியூபாவின் மூத்த பாடகர்களை வைத்து 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்', 1997. இந்தக் கடைசி ஆல்பம் முதலில் அப்படித் திட்டமிட்டதே இல்லை. மாலியிலிருந்து கலைஞர்கள் வந்து கியூபாக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பதாக இருந்தது. அவர்களால் ஹவானாவுக்கு வந்து சேர முடியவில்லை, இருப்பவர்களை வைத்துச் செய்தார்கள். போட்டிருந்த அந்தப் பழைய திட்டம் 2010ல் 'ஆஃப்ரோகியூபிஸம்' என்று நிறைவேறியது. நான்கு நாள், நான்கு ஆல்பம், ஒரே கதை.

இப்படிப் போக யார் யார் வாசித்தார்கள் என்று தெரிய வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது. டிஸ்காக்ஸ் தளத்தில் ஆல்பத்தின் உறையில் அச்சிட்டது அப்படியே இருக்கும். கேட்கும்போதே அதைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

தொடங்குபவர்கள் 1980க்கு முந்தைய ஆல்பங்களில் ஆரம்பித்தால் நேரக் கணக்கு எளிது. 1948ல் கொலம்பியா கொண்டுவந்த எல்பி என்ற பெரிய இசைத்தட்டில் பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் பழைய ஆல்பங்கள் 35லிருந்து 45 நிமிடத்தில் முடிகின்றன. 1982ல் வந்த சிடியில் 74 நிமிடம் வரை இடம் கிடைத்ததும் நிரப்பித் தள்ள ஆரம்பித்தார்கள். அந்தக் கால ஆல்பங்கள் பலவற்றில் நாலு பாட்டைத் தூக்கியிருக்கலாம் என்று தோன்றும். தட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. முள் நடுவை நெருங்க நெருங்கத் தரம் குறையும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை வெளி ஓரத்திலும் அமைதியானதைப் பக்கத்தின் முடிவிலும் வைப்பது வழக்கமாக இருந்தது. பழைய ஆல்பம் பாதியில் அடங்கி மறுபடி எழும்பினால், அங்கேதான் தட்டைத் திருப்பியிருப்பார்கள்.

செயலியில் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகு, ஸ்பாட்டிஃபையே ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் முதலில் நிற்பதை மாற்றியது. ஒரு பாட்டின் முடிவின் மேல் அடுத்ததன் தொடக்கத்தை ஏற்றி ஓட்டும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' போல ஒரு பாட்டு இன்னொன்றில் கலந்து ஓடும் ஆல்பத்தை அது கெடுத்துவிடும். முக்கியமாக ஆட்டோபிளே. ஆல்பம் முடிந்ததும் அதே சாயலில் வேறு யாருடைய பாட்டோ தானாக ஓடத் தொடங்கும். ஒரு ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு அப்புறம் அமைதி வர வேண்டும், அதுவும் ஆல்பத்தில் சேர்த்திதான். டீலக்ஸ் பதிப்புகளிலும் இதே தொந்தரவு. ஒத்திகையும் மிச்சமும் பின்னால் ஒட்டியிருக்கும். அசல் எத்தனையாவது பாட்டோடு முடிந்தது என்று பார்த்து அங்கே நிறுத்திவிடுவேன்.

பிடிக்கவில்லை என்றால்? கடைசி வரை கேட்டுவிடுங்கள், தீர்ப்பை மட்டும் தள்ளிப்போடுங்கள். உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு செய்தார். அர்த்தமில்லாத சொற்கள், முன்பின் தெரியாத முகங்களின் படங்கள் ஆகியவற்றைச் சிலவற்றைக் குறைவாகவும் சிலவற்றை அதிகமாகவும் காட்டினார். அடிக்கடி பார்த்தவற்றையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். இசைக்கும் இது பொருந்தும் என்பதற்கு நம் எல்லோரிடமும் ஒரு உதாரணமாவது இருக்கும், முதல் தடவை கேட்டு முகம் சுளித்த பாட்டு. தினமும் புதுசு என்ற விதியின் பலவீனமே இதுதான், எதற்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. அதனால் வாரத்தில் ஒரு நாள் புது ஆல்பம் கிடையாது என்று வைத்திருக்கிறேன். அந்த வாரத்தில் கேட்டதில் புரியாத ஒன்றையே மறுபடி கேட்பேன். பிடித்ததை அல்ல. பிடித்தது எப்படியும் தானாகத் திரும்பி வந்துவிடும்.

நட்சத்திர மதிப்பெண் போடாதீர்கள். ஐந்துக்கு மூன்று என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அதிலிருந்து ஒன்றும் ஞாபகம் வராது. ஒரே ஒரு வரி போதும். "இரண்டாவது பாட்டில் பேஸ் கிதார்தான் பாடுகிறது", "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே வேகம்" என்கிற மாதிரி. நாளைக்குப் பிடிக்க வேண்டிய நூலும் அந்த வரியிலேயே இருக்கும்.

திரைப்பட ஆல்பம் கணக்கில் வருமா என்று கேட்பீர்கள். தாராளமாக. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், நேரமில்லாத நாளுக்கு ஏற்றது. ஆனால் நமக்குத் தெரிந்தது அதில் ஒன்றிரண்டு பாட்டாகத்தான் இருக்கும், மீதியையும் வரிசையாகக் கேட்க வேண்டும். முழுக் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகள் இரண்டு மூன்று மணி நேரம் போகும் என்பதால், அன்றைக்கு ராகம் தானம் பல்லவி மட்டும் அல்லது பிரதானக் கீர்த்தனை மட்டும் என்று வைத்துக்கொள்வேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகக் கேட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்த நாள் போனது போனதுதான்.

இன்றைக்கே தொடங்குவதென்றால் ஷக்தியின் அந்த முதல் ஆல்பத்தைப் போடுங்கள். மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. மூன்றே உருப்படி, அதில் ஒன்று கிட்டத்தட்ட அரை மணி நேரம். எந்த வாத்தியம் உங்களை இழுக்கிறதோ நாளைக்கு அதன் பின்னால் போங்கள். கிதார் என்றால் மேலே சொன்ன மைல்ஸ் வழி. தபலா என்றால் ஜாகிர் உசேனின் 'மேக்கிங் மியூசிக்', 1987. அதில் மெக்லாஃப்லினும் இருக்கிறார், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் இருக்கிறது. குழலைப் பிடித்துக்கொண்டால் மறுநாளுக்கு 1988ல் இளையராஜாவோடு சௌராசியா செய்த 'நத்திங் பட் விண்ட்'. அதுவரை வந்துவிட்டால் அடுத்தது எது என்று என்னைக் கேட்க மாட்டீர்கள்.