வீட்டு சோலார்: பேட்டரி எவ்வளவு போதும்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட் ஓடுகிறது. 5 கிலோவாட் போடச் சொல்கிறார் விற்பனையாளர். அவ்வளவு தேவையா? (வாசகர், திருச்சி)

தேவையில்லை, 2 கிலோவாட் போதும். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் 60 நாளில் 480 யூனிட். வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சலுகை விலை போய்விடும். சோலார் தந்ததைக் கழித்த உங்கள் நிகரக் கணக்கு 220 யூனிட் பக்கம் இறங்கிவிட்டால் விலை கூடிய படிகளெல்லாம் கழிந்துவிடும். அதற்கு மேல் போடும் கிலோவாட் மலிவான யூனிட்டைத்தான் மிச்சப்படுத்தும், போட்ட பணம் திரும்ப நாளாகும். ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் 3 கிலோவாட் போடுங்கள்.

2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000. உச்சவரம்பு 78,000. உள்நாட்டு செல்லால் செய்த டி.சி.ஆர். பேனல் போட்டால்தான் மானியம் வரும், கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். பேட்டரிக்கு இதில் மானியம் கிடையாது.

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் ஓடுகிறது. நல்ல வெயிலில் கரண்ட் போனால்கூட சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. பழுதா? (வாசகி, கும்பகோணம்)

பழுதில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறவர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது.

வீட்டில் ஏற்கெனவே யு.பி.எஸ். இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம், விளக்கையும் மின்விசிறியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சோலார் இன்வெர்ட்டரின் ஒயர் யு.பி.எஸ்.ஸின் அவுட்புட் பக்கம் சேரவே கூடாது. கரண்ட் போனதும் யு.பி.எஸ். தருவதையே லைன் என்று நினைத்து சோலார் அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும், யு.பி.எஸ். எரிந்துபோகலாம்.

பேட்டரியோடும் லைனோடும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கு மாறுவதானால் அவசியமான சர்க்யூட்டுகளை மட்டும் தனி டி.பி. பெட்டிக்குக் கொண்டுவந்து ‘பேக்கப்’ முனையில் இணைக்க வேண்டும். நியூட்ரலையும் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரல் எல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கும். அப்படியே விட்டால் மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகும். காரணம் தெரியாமல் இன்வெர்ட்டரையே மாற்றுகிறார்கள்.

கேள்வி: இரவில் 4 மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் சமாளிக்க வேண்டும். குறைந்த செலவில் என்ன பேட்டரி வாங்கலாம்? (வாசகர், ராமநாதபுரம்)

கணக்கை மின்விசிறியிலிருந்து தொடங்குங்கள். சாதாரண மின்விசிறி 75 வாட், மூன்று ஓடினால் 225. நான்கு எல்.இ.டி. விளக்கு 40, வைஃபை 10, பிரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் சராசரி 50. மொத்தம் 325 வாட், 4 மணி நேரத்துக்கு 1,300 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 1,530 எடுக்க வேண்டும்.

அதே மூன்று மின்விசிறிகளும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. வகையாக இருந்தால் மொத்தம் 190 வாட்தான். பேட்டரியிலிருந்து 900 போதும்.

12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஈய பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. ஆயுள் குறையாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், அதாவது 900. ஆக, பி.எல்.டி.சி. வீட்டுக்கு ஒன்று போதும். சாதாரண மின்விசிறி வீட்டுக்கு இரண்டு வேண்டும், கூடவே 24 வோல்ட் இன்வெர்ட்டரும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம் என்பதால் பி.எல்.டி.சி. வீட்டுக்கு 12.8 வோல்ட் 100 ஏ.எச்., சாதாரண மின்விசிறி வீட்டுக்கு 150 ஏ.எச். சரியாக இருக்கும். இரண்டாவது பேட்டரிக்குப் போகும் பணத்தில் முதலில் மின்விசிறிகளை மாற்றுங்கள். அது தினமும் மிச்சம் பிடித்துத் தரும். பேட்டரியோ கரண்ட் போகும் நாளில்தான் உதவும்.

பிரிட்ஜ் ஓடுவதற்கு 150 வாட் போதும், கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதனால் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டராக, 1,100 வி.ஏ.க்குக் குறையாமல் பாருங்கள். ஏ.சி.யைப் பேட்டரியில் ஓட்டுவதை மறந்துவிடுங்கள். ஓர் இரவுக்கு 6 யூனிட் என்று வைத்தாலும் 51.2 வோல்ட் 100 ஏ.எச். பேட்டரி இரண்டு கேட்கும்.

கேள்வி: பழைய இன்வெர்ட்டரிலேயே டியூபுலரை எடுத்துவிட்டு லித்தியம் மாட்டலாமா? (வாசகர், ஈரோடு)

மூன்றைச் சரிபார்த்த பிறகு மாட்டலாம். முதலாவது சார்ஜ் வோல்டேஜ். நான்கு செல் எல்.எஃப்.பி.க்கு 14.6 வோல்ட் உச்சம். டியூபுலர் மோடில் சில இன்வெர்ட்டர்கள் இதைத் தாண்டும். உடனே பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துவிடும், இன்வெர்ட்டரில் ஃபால்ட் விழும். லித்தியம் மோடு இல்லாவிட்டால் எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஈய பேட்டரி) மோடில் வைத்து மீட்டரால் அளந்து பாருங்கள்.

இரண்டாவது பி.எம்.எஸ். தாங்கும் ஆம்பியர். 1,000 வாட் லோடுக்கு 12.8 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். மலிவு பேட்டரிகளில் 50 ஆம்பியர் பி.எம்.எஸ். வருகிறது, மிக்ஸி போட்டதும் வீடு இருண்டுவிடும்.

மூன்றாவது, பேட்டரியில் சொன்ன கொள்ளளவு இருக்கிறதா என்பது. முழு சார்ஜ் செய்து 100 வாட் குண்டு பல்பை எரிய விடுங்கள். 100 ஏ.எச். பேட்டரி 9 மணி நேரமாவது தாங்க வேண்டும். 6 மணி நேரத்தில் அணைந்தால் பழைய செல்லைப் போட்டுக் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம், திருப்பிக் கொடுங்கள்.

இன்வெர்ட்டரில் தெரியும் பேட்டரி கோடுகளை இனி நம்ப வேண்டாம். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட் பக்கமே நின்று திடீரென்று இறங்கும். பழைய டியூபுலரோடு சேர்த்து இணைப்பதும் கூடாது.

கேள்வி: தண்ணீர் டேங்க் மாடியின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் வந்து பார்த்தவர் நிழல் விழவில்லை என்றார். பேனலை அதன் பின்னாலேயே வைக்கலாமா? (வாசகி, சென்னை)

ஜூனில் விழாது. அப்போது சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பேனலைவிட டேங்க் 2 மீட்டர் உயரமானால் நண்பகலில் ஒன்றரை மீட்டர் நிழல் வடக்கே விழும். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் அது சுமார் 3 மீட்டர் சரிந்து நீளும். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் பட்டாலே அதில் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போகலாம்.

டேங்கிலிருந்து 3 மீட்டர் விட்டு வையுங்கள். இடம் இல்லையென்றால் நிழல் படும் பேனல்களை இன்வெர்ட்டரின் இரண்டாவது எம்.பி.பி.டி. (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) முனையில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டை உயர்த்தியும் தப்பிக்கலாம், ஆனால் புயல் அடிக்கும் கடற்கரை ஊரில் உயரம் கூடக்கூடக் காற்றின் இழுவிசையும் கூடும். தளத்தில் வெறும் போல்ட் அடித்து நிறுத்தாமல் கான்கிரீட் கட்டையில் கால்களைப் பதிக்க வேண்டும்.