மணத்தை வைத்து இனம் பிரிக்கலாமா?

கேள்வி: குண்டுமல்லி, மரமல்லி, பவளமல்லி மூன்றுமே வெள்ளைப் பூ, இரவில் மணக்கின்றன, பெயரிலும் மல்லி. மணத்தின் வேதியியலை ஆராய்ந்தால் இவை சொந்தம் என்று தெரியவருமா?
— வாசகர், நிலக்கோட்டை

பதில்: தெரியவராது. குண்டுமல்லியும் பவளமல்லியும் ஒலியேசி குடும்பம். மரமல்லியோ பாதிரி மரத்தோடு பிக்னோனியேசியில் சேர்ந்தது. அந்துப்பூச்சியை நம்பியிருக்கும் பூ எந்தக் குடும்பமானாலும் பெரும்பாலும் வெளுத்திருக்கும், இருட்டிய பிறகு மணக்கும். துர்நாற்றமும் அப்படித்தான். சேனைக்கிழங்கின் பூவிலும், எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாபீலியாவிலும் பிண வாடை வீசக் காரணம் டைமெத்தில் டைசல்ஃபைடு, ட்ரைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மங்கள். சேனை ஒருவித்திலை, ஸ்டாபீலியா இருவித்திலை!

2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, 990 தாவர வகைகளின் பூமணத்தில் 1719 சேர்மங்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் லினலூல், லிமோனீன் போன்றவை ஆராய்ந்த குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இருக்கின்றன. எல்லாரிடமும் இருப்பதை வைத்து யாரைப் பிரிப்பது?

மணம் கைகொடுப்பது நெருங்கிய இனங்களுக்கு இடையில்தான். கலிஃபோர்னியாவின் கிளார்கியா பிரூவரி லினலூல் மணம் கமழும் பூ. அதன் மிக நெருங்கிய உறவான கிளார்கியா கன்சின்னாவில் மூக்குக்கு எட்டும் மணமே இல்லை. லினலூலைச் செய்யும் நொதி கன்சின்னாவின் சூல்முடியில் மட்டும் சொற்பமாக உண்டு. பிரூவரியில் அது இதழ்வரை பரவி, பல மடங்கு வேலை செய்கிறது. ஒரே நொதி, அளவும் இடமும்தான் வேறு. இனத்தைப் பிரிக்க இந்த வேறுபாடு நல்ல அடையாளம். குடும்பத்தை நிர்ணயிக்கப் பயன்படாது.

கேள்வி: முல்லையையும் பிச்சியையும் மணத்தால் ஒப்பிடுகிறேன். பூக்களைப் பறித்து ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்தேன். குரோமட்டோகிராமில் (கலவையின் சேர்மங்களைப் பிரித்து முகடுகளாகக் காட்டும் வரைபடம்) ஹெக்சனாலும் தாலேட்டும்தான் உயர்ந்து நிற்கின்றன. எங்கே தவறு?
— முதுகலை மாணவி, திருச்சி

பதில்: ஊறவைத்தால் பூவின் மெழுகும் திசுவில் இருப்பதும் சேர்ந்து வரும், பூ காற்றில் விடுவது மட்டும் தனியாக வராது. காயம்பட்ட திசு வெளியிடும் பச்சிலை வாடைதான் உங்கள் ஹெக்சனால். தாலேட் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பது, பிளாஸ்டிக் குழாயிலிருந்தோ மூடியிலிருந்தோ வந்திருக்கும்.

பூவைச் செடியிலேயே விடுங்கள். மொட்டு அவிழும் மாலையில், ஓவன் அடுப்பில் வைக்கும், சூடு தாங்கும் சமையல் பையால் கொத்தை மூடுங்கள். பையை முன்பே 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி வாடை போக்கியிருக்க வேண்டும். கரித்தூளில் வடிகட்டிய காற்றை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் 50 மில்லிகிராம் பொராபாக் (மணச் சேர்மங்களைப் பிடித்துவைக்கும் பாலிமர் தூள்) நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 200 மில்லி உறிஞ்சுங்கள். மூன்று மணி நேரம் போதும். பிறகு 300 மைக்ரோலிட்டர் டைகுளோரோமீத்தேன் கரைப்பானில் கழுவி எடுங்கள். பூ இல்லாத இலைக் கொம்புக்கு ஒரு பை, வெறும் பை ஒன்று, இரண்டும் அதே நேரத்தில் ஓடட்டும். அவற்றில் வருவதையெல்லாம் பூவின் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். இண்டோல் வந்தால் மாசு என்று தள்ளிவிடாதீர்கள், அது மல்லிகை மணத்தின் அங்கம்.

சேர்மத்தை அடையாளம் காண, கருவியின் கணினி நூலகம் (தெரிந்த சேர்மங்களின் பதிவுத் தொகுப்பு) காட்டும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். லினலூல், லிமோனீன் போன்ற டெர்பீன்களின் நிறைநிரல்கள் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைப் பதிவு) இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். கருவியின் வெப்பநிலையை அதே படிகளில் உயர்த்தி ஆல்கேன் கலவையை ஓட்டி, தக்கவைப்புக் குறியீட்டையும் (ஆல்கேன்களோடு ஒப்பிட்டு, சேர்மம் எப்போது வெளிவருகிறது என்று காட்டும் எண்) ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: முல்லையும் பிச்சியும் குச்சி நட்டும் பதியம் போட்டும் பெருக்குபவை. ஒரே தோட்டத்தின் ஐந்து செடிகள் பெரும்பாலும் மரபில் ஒரே செடிதான். ஐந்து ஊர்களில் எடுங்கள்.