ராஜா கையெழுத்துப் போட மறுத்தால்?

கே: பிரிட்டன், ஜப்பான், மலேசியா என்று எங்கே பார்த்தாலும் ஆட்சி மந்திரிகள் கையில்தான். எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தில் வாங்கி வந்த ஐந்தாம் ஜார்ஜ் படம் மாதிரி, எல்லா ராஜாவும் சுவரில் தொங்கும் படம்தானே?
– ஒரு வாசகர், தேவகோட்டை

ப: எல்லாரையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டீர்களே! மந்திரிசபை சொன்னால் ராஜா கேட்பார், சரி. கேட்காவிட்டால்? அங்கேதான் நாட்டுக்கு நாடு வித்தியாசம் தெரியும்.

பிரிட்டனில் நாடாளுமன்ற மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுத்தவர் ஆன் ராணி, 1708இல். அதுவும் மந்திரிகள் சொல்லித்தான். அப்புறம் யாரும் மறுத்ததில்லை. மறுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, வழக்கம்தான். ஸ்வீடன்காரர்கள் வழக்கத்தை நம்பவில்லை. 1975இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தில் ராஜாவிடமிருந்து பேனாவையே வாங்கி வைத்துவிட்டார்கள். பிரதமர் பெயரை முன்மொழிவதுகூட அங்கே சபாநாயகர்தான். ஜப்பான் பேரரசர் 1947 முதல் நாட்டின் ‘சின்னம்’, அவ்வளவுதான்.

உங்கள் வளவில் பெல்ஜியம் கண்ணாடி இருக்கும். பெல்ஜியம் ராஜா கதை தெரியுமா? 1990இல் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனசாட்சி இடம் தரவில்லை என்றார் மன்னர் போதுவான். ‘மன்னரால் ஆட்சி செய்ய இயலவில்லை’ என்று மந்திரிசபை அறிவித்தது. மந்திரிகளே கையெழுத்தைப் போட்டார்கள். மறுநாளே நாடாளுமன்றம் கூடி அவரைத் திரும்ப உட்காரவைத்தது! 2008இல் லக்சம்பர்க் கோமகன் கருணைக்கொலைச் சட்டத்துக்கு முரண்டு பிடித்தபோது இந்த நாடகமெல்லாம் இல்லை. ஒப்புதல் தரும் அதிகாரத்தையே வெட்டிவிட்டார்கள். லீச்டென்ஸ்டைன் நேர்எதிர்: அங்கே ஆளும் இளவரசரின் மறுப்பு அதிகாரத்தைக் குறைக்கலாமா என்று 2012இல் கேட்டதற்கு, ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று மக்களே ஓட்டுப் போட்டார்கள்.

மலேசியாவில் ஒன்பது மாநிலப் பரம்பரை ஆட்சியாளர்கள் கூடி, தங்களில் ஒருவரை 5 வருஷத்துக்குப் பேரரசராக்குகிறார்கள். நம் ஊர்க் கோயில் முறைக்காரர் மாதிரி, முறை சுற்றிவரும். மசோதாவுக்கு அவர் 30 நாளில் ஒப்புதல் தராவிட்டாலும் அது சட்டமாகிவிடும். அப்படியானால் படம்தானே என்பீர்கள். 2022 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, தலைவர்களை அரண்மனைக்கு வரவழைத்துப் பேசி, அன்வர் இப்ராகிமைப் பிரதமராக்கியது அந்தப் ‘படம்’தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. உங்கள் ஐயா இருந்த பினாங்குக்கு சுல்தான் கிடையாது, இன்றைக்கும் ஆளுநர்தான். அப்போது அங்கே பிரிட்டிஷ் ராஜாவின் நேரடி ஆட்சி, அதனால்தான் அவருக்கு ஜார்ஜ் படம் கிடைத்திருக்கிறது.