பாத் பாம் ஏன் பொங்கி உடைகிறது?

கேள்வி: 8 வயது மகளோடு வீட்டில் பாத் பாம் (குளிக்கும் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் உருண்டை) செய்தோம். அச்சிலேயே பொங்கி வெடித்துவிட்டது. எங்கே தவறு?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தண்ணீர்தான். ஈரம் பட்டதும் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து கரியமில வாயுவை விடும். அது தொட்டியில் நடக்க வேண்டியது, அச்சில் அல்ல.

சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் அமிலம் 100, சோள மாவு (கார்ன்ஃப்ளார்) 50. (பேக்கிங் பவுடர் வேண்டாம்.) சோடாவையும் மாவையும் குழந்தையே சலிக்கட்டும். சிட்ரிக் அமிலத்தை நீங்கள் சேருங்கள்; தூள் கண்ணில் பட்டால் எரியும், கையில் கீறல் இருந்தாலும் எரியும். இருவருக்கும் கையுறை அவசியம். பிறகு 2 டீஸ்பூன் தேங்காய் எண்ணெயைப் பிசிறுங்கள். தண்ணீரை ஊற்றவே கூடாது, ஸ்ப்ரே பாட்டிலில் ஒவ்வொரு பீச்சாக அடித்து உடனே கலக்க வேண்டும். 'உஸ்' சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிக்கணும், உதிர்த்தால் உதிரணும். இதைக் குழந்தை கையாலேயே கற்றுக்கொள்வாள். சின்னக் கிண்ணத்தில் அழுத்தி அடைத்து, உடனே கவிழ்த்துவிடுங்கள்.

கடற்காற்று ஈரம் நம் ஊரில் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள். மின்விசிறிக்கடியில் ஒரு நாள் காய்ந்த பிறகே டப்பாவில் மூடுங்கள். குளியல் தொட்டி இல்லையென்றால், அகலமான டப்பில் கால் நனைக்கப் போடலாம்.