பேட்டரியே இல்லாம உடம்புச் சூட்டுல ஓடுற ஹெல்த் பேண்ட் செய்ய முடியுமா?

கேட்டவர் ஃபைனல் இயர் இசிஇயாத்தான் இருக்கணும், கைடு "நாவல்டி எங்கப்பா"ன்னு குடைஞ்சிருப்பாரு. முடியும். ஆனா சென்னை மே மாசத்துல முடியாது.

சும்மா சொல்லல. முன்னாடி வேலை பார்த்த சின்ன கம்பெனில காய்ச்சல் பாக்குற பேண்ட் ஒண்ணு பண்ணோம். மேனேஜருக்கு உடம்புச் சூட்டுலதான் ஓடணும்னு ஒரே பிடிவாதம். தோல் 33, 34 டிகிரி இருக்கும், ஏசி ரூம் 24, பத்து டிகிரி வித்தியாசம் இருக்கேன்னு தோணும், ஆனா அதுல பெரும்பங்கு தோலும் வெளிக்காத்துமே தின்னுடும், சூட்டு வித்தியாசத்துல கரண்ட் எடுக்குற டெக் (TEG) மாட்யூலுக்குக் குறுக்க மிஞ்சுறது ஒண்ணு ரெண்டு டிகிரிதான். உள்ள 127 ஜோடி செமிகண்டக்டர் துண்டு இருக்குற மாட்யூல் ஒரு டிகிரிக்கு 50 மில்லிவோல்ட் கிட்ட குடுக்கும், குட்டி வோல்டேஜை ஏத்திக் குடுக்குற எல்டிசி3108 மாதிரி சிப் 20 மில்லிவோல்ட்லயே எந்திரிச்சிடும், அதனால டெமோல எல்இடி மினுக்கிச்சு, எல்லாரும் கை தட்டினாங்க.

வெயில் காலத்துல என்ன ஆகும்னு அன்னைக்கே கேட்டேன், "நெகட்டிவா பேசாதீங்க"ன்னுட்டாரு. மே மாசம் ஏசி இல்லாத ஒரு ரூம்ல போட்டுப் பாத்தா மீட்டர்ல நெஜமாவே நெகட்டிவ். வெளிக்காத்து தோலை விடச் சூடு, வோல்டேஜ் தலைகீழா வருது, 3108 ஒரு பக்க போலாரிட்டிதான் எடுக்கும். 3109 ரெண்டு பக்கமும் எடுக்கும், தெரியும், கமெண்ட்ல வராதீங்க. சூடு ரெண்டு பக்கமும் சமமாயிட்டா எந்த சிப் வந்தும் புண்ணியமில்ல. சீக்கோ 1998லயே தெர்மிக்னு உடம்புச் சூட்டு வாட்ச் விட்டானேன்னும் சொல்லாதீங்க, முள்ளு சுத்த சில மைக்ரோவாட் போதும், ரத்தத்துல ஆக்சிஜன் அளக்குற எஸ்பிஓ2 எல்இடிக்கு எரியிற நேரத்துல மில்லியாம்ப் கணக்குல வேணும்.

கடைசில வெளிச்சத்துக்கு மாறினோம். வீட்டு வெளிச்சம் 200 லக்ஸ்னா ஒரு சதுர சென்டிமீட்டர் அமார்ஃபஸ் சோலார் செல்லுக்கு 5 மைக்ரோவாட் மாதிரி வரும், முழுக்கை சட்டை போட்டா அதுவும் போச்சு. அதனால டெம்பரேச்சர் மட்டும், அதுவும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, ப்ளூடூத்ல ஒரு சின்ன பாக்கெட், மத்த நேரம் தூக்கம். என்ஆர்எஃப்52ங்கிற ப்ளூடூத் சிப் தூங்கும்போது 2 மைக்ரோஆம்ப் கிட்டதான் இழுக்கும், ஆனா போர்டு 17 இழுத்துச்சு. தேடினா, கரண்ட் சேத்து வைக்கிற கெப்பாசிட்டரோட வோல்டேஜை அளக்க யாரோ ரெண்டு 100கே (ஒரு லட்சம் ஓம்) ரெசிஸ்டரை வரிசையா போட்டு வச்சிருக்காங்க, 3 வோல்ட்ல அது மட்டுமே 15. சிப்பை விட சிப்பை வேவு பாக்குறவன் அதிகம் தின்னுருக்கான்! பத்து மெகா ஓம் ரெண்டு போட்டு, வோல்டேஜைப் படிக்கிற ஏடிசி பின்ல ஒரு சின்ன கெப்பாசிட்டர் வச்சதும் சரியாச்சு. உங்க ப்ராஜெக்ட்ல நாவல்டின்னா இந்த மாதிரி திருடனைப் பிடிக்கிறதுதான். கைடு ஒத்துக்கலேன்னா காயின் செல் கணக்கை நீட்டுங்க, சராசரி 20 மைக்ரோஆம்ப்னா ஒரு சிஆர்2032 ஒரு வருஷத்துக்கு மேல வரும், இதை விட சூட்டுலயோ வெளிச்சத்துலயோ கரண்ட் எடுக்குற உங்க ஹார்வெஸ்டர் எதுல உசத்தின்னு அவரே கேப்பாரு, அதுக்குப் பதில் தயாரா வச்சுக்கோங்க.

இதை அளக்க மைக்ரோஆம்ப் ஒழுங்கா காட்டுற மீட்டர் வேணும். நான் படிச்ச காலேஜ்ல ஒண்ணு இருந்துச்சு, பீரோல பூட்டி, இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் துணி போட்டுத் துடைச்சு மேசைல வைப்பாங்க. சாவி லேப் அசிஸ்டென்ட் கிட்ட, அவரு எப்பவும் லீவுல.